சிங்கப்பூர்த் தண்ணீர்

வலது கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களிடம் தூசி விழுந்தது என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அது உண்மைதானோ என்று தோன்றும் அளவுக்கு வந்துவிட்டது. தூசியும் இல்லை, துரும்பும் இல்லை. மூக்குக்கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணிலேயே ஒட்டிவைத்துக்கொள்ளும் வில்லை ஒன்று வந்திருக்கிறதே, அதை ஊறவைக்கும் மருந்துத் தண்ணீரால் வந்த வினை. மலாக்காவின் புக்கிட் பாரு பகுதியில் ஒரு பெண்பிள்ளைக்கு அந்த வில்லை வாங்கப் போகிறார்கள் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். அந்த வீட்டாருக்காவது உதவட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

நான் நில அளவை ஆபீஸில் படம் வரைகிறவனாக இருந்தேன். அளக்கப் போகிறவர்கள் எண்களைக் கொண்டுவருவார்கள். அவற்றை மைக்கோடுகளாக இழுப்பது என் வேலை. ஒரு மயிரிழை தவறினால் ஒருவனுடைய தென்னந்தோப்பில் பாதி பக்கத்துக்காரனுக்குப் போய்விடும். பதினோரு வருஷத்தில் ஒரு மரத்தைக்கூட நான் இடம் மாற்றியதில்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

முப்பதைத் தாண்டியதும் ஒரு கோடு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. கருவிழிக்கு மேலே இருக்கும் கண்ணாடி போன்ற சவ்வு ஒழுங்காக உருண்டிருக்க வேண்டும். எனக்கு அது நடுவில் மெலிந்து கூம்பிப்போய்விட்டது. மூக்குக்கண்ணாடி இதற்கு உதவாது. அப்போது மலாயாவில் சுதந்திரக் கொடி ஏறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பிரிவின் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் கப்பலேறத் தயாராகிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலி எங்களில் ஒருவருக்கு வரும் என்று ஆபீஸே பேசிக்கொண்டது. எனக்கும் இன்னொருவருக்கும்தான் போட்டி. கண் கெட்டுப்போனவனுக்கு யார் நாற்காலி கொடுப்பார்கள்? சொந்தத்தில் கல்யாணம் என்று பொய் சொல்லி லீவு போட்டு, சிங்கப்பூருக்குப் போய் இரண்டு வில்லைகள் செய்து வாங்கினேன். நகத்தின் அளவுதான் இருக்கும், கெட்டியான பிளாஸ்டிக். கடைக்காரர் அவற்றைக் கண்ணில் பொருத்தியதும் எதிர்க்கடைப் பலகையில் இருந்த சீன எழுத்தின் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் அவ்வளவு சந்தோஷம்.

வில்லைகளோடு ஒரு பாட்டிலும் கொடுத்தார்கள். கிருமி கொல்லும் மருந்து கலந்த தண்ணீர். தினமும் வில்லைகளைக் கழற்றி, மூடிபோட்ட சின்னக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை விட்டு ஊறவைக்க வேண்டும். என் மனைவி அதற்கு வைத்த பெயர்தான் சிங்கப்பூர்த் தண்ணீர்.

அவள் பெயர் சிந்தாமணி. காஜா பேராங்கில் இருக்கும் கம்போங் செட்டி என்ற செட்டிக் கிராமத்தில் பிறந்தவள். செட்டிகள் பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். கும்பிடுவது நம் சாமிகளைத்தான், பேசுவது மட்டும் மலாய். நான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகன். வேலைக்கென்று மலாக்கா வந்து, அவளைக் கட்டிக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தேன். வீட்டில் நாங்கள் பேசுவது அவள் மொழிதான். அவள் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னைக் கூப்பிடும் 'அபாங்' என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன், அதற்கு ஈடான தமிழ் என் காதுக்குப் பழகவில்லை.

சாயங்காலம் என் விரல்களில் மை இருக்கும் என்பதால் வில்லைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். பத்து மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் மணல் இருப்பதுபோல உறுத்தியது. புதன்கிழமை சிவந்தது. ஒரு கம்பத்தின், அதாவது கிராமத்தின், எல்லைப் படம் பாதியில் நின்றதால், பல்லைக் கடித்துக்கொண்டு அன்றும் வில்லையைப் போட்டேன். என்னைவிடப் பெரிய முட்டாள் அன்று மலாக்காவில் இருந்திருக்க மாட்டான். வியாழக்கிழமை காலையில் இமை ஒட்டிப்போய்த் திறக்கவில்லை. சிந்தாமணி வெந்நீரில் பஞ்சை நனைத்து மெதுவாகப் பிரித்தாள். பிரித்ததும், "அபாங், கறுப்புல வெள்ளையா ஒரு புள்ளி இருக்கு" என்றாள். சீழ் பச்சையாக இருந்தது. அதற்குள் வலி தாடைவரை இறங்கிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் லிம் ஒரு வார்த்தை கேட்காமல் படுக்கையில் சேர்த்துவிட்டார். சின்ன வயதுதான், குரல் உயராது. கருவிழியில் புண் என்றார். மரத்துப்போகச் சொட்டுமருந்து விட்டு, மெல்லிய கத்தியால் புண்ணைச் சுரண்டி எடுத்தார். அதை ஒரு தட்டில் தடவிச் சூட்டில் வைத்தால் கிருமி வளருமாம். வளர்ந்த பிறகுதான் அது என்ன ஜாதி, எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரியுமாம். அதுவரை குத்துமதிப்பாக ஒரு மருந்து. பிறகு இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் கூடவே அசையும், அதனால் ஒன்றுக்கு ஓய்வு வேண்டுமென்றால் இரண்டையும் மூடத்தான் வேண்டும் என்று மிஸி சொன்னாள். நர்ஸை நாங்கள் மிஸி என்றுதான் சொல்வோம்.

கட்டு விழுந்த அரைமணி நேரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. மூக்கும் வாயும் திறந்துதான் இருந்தன. இருந்தும் காற்றுப் போதவில்லை. எழுந்து உட்கார்ந்தால் அதட்டல். கையைத் தூக்கினால் அதட்டல். மணிக்கு ஒருமுறை கட்டை விலக்கி, இமையைப் பிரித்து மருந்து விடுவார்கள். அந்த ஒரு நொடி வெளிச்சம் ஊசிபோலக் குத்தும், மறுபடி இருட்டு. எனக்குப் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை, அடுத்த சொட்டு மட்டும்தான் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு குரல் வந்தது.

"புதுசா வந்தவரு எந்தப் பக்கம்?"

"காஜா பேராங்."

"செட்டி ஆளா?"

"செட்டி வீட்டு மருமகன்."

"அப்ப சாப்பாடு ருசியா வரும் லா. எனக்கும் கொஞ்சம் தள்ளுங்க தம்பி. இங்க கஞ்சிய ஊத்தி ஊத்திக் கொல்றாங்க."

அவர் கோவிந்தன் அண்ணன். செங் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். தலை அசையக் கூடாதென்று இரண்டு பக்கமும் மணல் மூட்டையை அணைத்து வைத்திருந்தார்களாம்.

"இருமினா தையல் பிச்சுக்கும்னு மிஸி சொல்லுது. இருமல் என்ன லெட்டர் போட்டுட்டா வருது?" என்பார். சிரிக்கவும் அவருக்கு அனுமதி இல்லை, ஆகையால் என்னைச் சிரிக்க வைப்பார்.

சனிக்கிழமை டாக்டர் லிம் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். தட்டில் பச்சை நிறமாகப் படர்ந்திருக்கிறது, ஈரம் உள்ள எங்கும் பிழைக்கிற முரட்டுக் கிருமி, பென்சிலினுக்கெல்லாம் அது அசையாது என்றார். அதைக் கொல்லப் பாலிமிக்ஸின் என்று ஒரு மருந்து இருக்கிறது, ஆனால் இங்கே கையிருப்பில் இல்லை, சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும்.

"வருவதற்குள் சவ்வு உடைந்துவிட்டால்?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"உடைந்தால் அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டியிருக்கும். வெங்காயத்தோல் அளவுதான் மிச்சம் இருக்கிறது" என்றார்.

அப்படி எடுப்பதற்குச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மிஸி என் கையைப் பிடித்துத் தாளின் மேல் வைத்தாள். பதினோரு வருஷம் கோடு பிசகாமல் வரைந்தவன், என் பெயரைத் தாளுக்கு வெளியே பலகையில் எழுதிவிட்டேன். இரண்டாவது தடவைதான் தாளில் விழுந்தது. அன்றைக்குத்தான் நான் அழுதேன். கட்டு நனையக் கூடாதென்று மிஸி கண்டித்தாள்.

சிந்தாமணியின் அண்ணன் பெருமாள் சிங்கப்பூருக்கு வாடகை டாக்சி ஓட்டுகிறவர். டாக்டரிடம் சீட்டை வாங்கிக்கொண்டு, சவாரிக்குக்கூடக் காத்திருக்காமல் காலி வண்டியோடு அன்றே கிளம்பினார். அதேநேரம் டாக்டர் வீட்டிலிருந்து வில்லைக் கிண்ணத்தையும் பாட்டிலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். சிந்தாமணி கைக்குட்டையில் சுற்றி, சாமிக்குப் பால் எடுத்துப் போவதுபோல ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்தார். அவளுக்குப் புரிய வேண்டுமென்று மலாயில் பேசினார். கிண்ணத்துத் தண்ணீரிலும் அதே பச்சைக் கிருமி வளர்ந்திருக்கிறது என்றார்.

"அது கிருமியைக் கொல்ற தண்ணியாச்சே, டாக்டர்" என்றாள் சிந்தாமணி.

அவர் பொறுமையாகச் சொன்னார். புதிதாக ஊற்றும்போது அதற்கு முழு வீரியம் இருக்கும். ஒரு ராத்திரி வேலை செய்து, வில்லையின் அழுக்கும் சேர்ந்ததும் அது நீர்த்துப்போகும். நீர்த்த மருந்தில் நோஞ்சான் கிருமிகள் சாகும், முரடுகள் தப்பிக்கும். தப்பியவை கிண்ணத்தின் அடியில் வழவழவென்று பாசிபோல ஒட்டிக்கொண்டு குட்டிபோடும். பழையதைக் கொட்டாமல் அதன்மேலேயே புதிதை ஊற்றினால், புதிதும் நீர்த்துத்தான் போகும். இப்படியே மாதக்கணக்கில் நடந்தால் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். கடைசியில் எதில் சாக வேண்டுமோ அதிலேயே குடித்தனம் நடத்தும்.

"கிண்ணத்தைப் பார்த்துக்கொள்வது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்."

"பழைய தண்ணீரைக் கொட்டவில்லையா?"

"கொட்டல, டாக்டர். கொறஞ்ச அளவுக்கு மேல ஊத்துவேன். எங்கம்மா வீட்டுல அரிசி ஜாடியக்கூட அடி தெரிய விடமாட்டோம். ஒரு பிடி மிச்சம் இருக்கும்போதே புது அரிசியக் கொட்டிடுவோம். இல்லேன்னா வீட்டோட வரத்து அறுந்துபோயிடும்."

"இது அரிசி இல்லையே, அம்மா" என்றார் டாக்டர். அவர் குரல் கடுமையாக இல்லை. ஆனால் எதிர்க்கட்டிலில் யாரோ சிரித்தார்கள்.

 சிந்தாமணி கையிலிருந்த கரண்டி தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

இங்கே நான் இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்த விஷயத்தை எழுதியாக வேண்டும். அந்தப் பாட்டிலோடு இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த அன்றே அதை நான் சிந்தாமணிக்கு வரிவரியாக மலாயில் சொன்னேன். காலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவிக் காயவைத்து, மறுபடி புதிதாக ஊற்றவும் என்று அதில் தெளிவாக ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். தினமும் கொட்டினால் பாட்டில் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் மறுபடி லீவு, மறுபடி ஒரு பொய்க் கல்யாணம், ஆபீஸில் சந்தேகம். "பழசைக் கொட்டிடவா?" என்று அவளாகவே கேட்டாள். "வேண்டாம், மேலேயே ஊத்து" என்றேன். தன் அம்மா வீட்டு வழக்கத்துக்கும் அது ஒத்துப்போனதால் அவள் மறுபடி கேட்கவே இல்லை.

டாக்டர் அங்கே நின்றுகொண்டிருந்தார். "நான்தான் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது. இங்கிலீஷ் படித்த அரசாங்க ஊழியன் தாளைப் படித்துவிட்டு இப்படிச் செய்தானா என்று அவர் நினைப்பாரே, எழுதி வைப்பாரே, ஆபீஸுக்குப் போகுமே என்று தோன்றியது. விழுங்கிவிட்டேன். அவருடைய காலடிச் சத்தம் அடுத்த கட்டிலுக்குப் போயிற்று.

சிந்தாமணி போன பிறகு கோவிந்தன் அண்ணன் ஆறுதலாகச் சொன்னார்: "விடுங்க தம்பி. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வேணும்னா செஞ்சுச்சு?"

"ஆமாம் அண்ணே" என்றேன். சும்மா இருந்ததைவிட அந்த ஆமாம்தான் என்னைப் பிறகு அதிகமாக அரித்தது.

பெருமாள் சிங்கப்பூரில் தேடி அலைந்து வாங்கிய மருந்தோடு, வழியில் வீட்டிலும் தலைகாட்டிவிட்டு, மறுநாள் காலையில் வந்தார். பஞ்சு சுற்றிய டப்பாவை மிஸியிடம் கொடுத்துவிட்டு என் தோளைத் தொட்டார். "தங்கச்சி பண்ணி வெச்ச வேலைக்கு நான் ஓடாம யாரு ஓடுவா, மச்சான்? அம்மா அவள வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க" என்றார். ஒரே ராத்திரியில் கம்போங் முழுவதும் பரவியிருந்தது, சிந்தாமணி புருஷன் கண்ணைக் கெடுத்துவிட்டாள் என்று. நல்ல மனிதர், தூங்காமல் ஓட்டி வந்திருக்கிறார், அவரிடமாவது சொல்லியிருக்கலாம். நன்றி மட்டும் சொன்னேன்.

அந்த மருந்தைச் சொட்டாக விட்டதோடு, கண்ணின் வெள்ளைப் பகுதித் தோலுக்கு அடியில் ஊசியாகவும் போட்டார்கள். அந்த வலியை எழுத எனக்குத் தெரியாது. இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். மூன்று நாள் அப்படி. நான்காம் நாள் சீழ் குறைந்தது. சவ்வு உடையவில்லை.

சிந்தாமணி இரண்டு வேளையும் வந்தாள். என்னைத் தொடுவதற்கு முன்னால் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். கரண்டியை வீட்டிலேயே கொதிக்கவைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவருவாள். கோவிந்தன் அண்ணனுக்கும் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருக்கும். ஆனால் பேச்சு நின்றுபோயிற்று. முன்பெல்லாம் பாசாரில் மீன் என்ன விலை என்பதில் தொடங்கி வாய் ஓயாமல் பேசுகிறவள். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியாமல் படுத்துக் கிடந்தேன். பார்க்க முடியாதது அப்போது எனக்கு ஒரு வசதியாகவும் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

கட்டை அவிழ்த்த அன்று முதலில் இடது கண்ணைத் திறந்தார்கள். வில்லை இல்லாததால் எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. கோவிந்தன் அண்ணன் அவர் குரலில் பாதி அளவுகூட இல்லாத ஒல்லி மனிதர். பிறகு இடதை மூடி வலதைத் திறந்தார்கள். வெளிச்சம் தெரிந்தது. டாக்டர் கையை ஆட்டியது தெரிந்தது. எத்தனை விரல் என்று கேட்டார், தெரியவில்லை. கருவிழியின் நடுவில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது, அது போகாது என்றார். கண் தங்கிற்று, பார்வை தங்கவில்லை.

நாற்காலி மற்றவருக்குப் போயிற்று. என்னைப் பழைய படங்கள் சுருட்டி வைத்திருக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து இடது கண்ணுக்கு மட்டும் வில்லை போட டாக்டர் அனுமதித்தார். இப்போது கிண்ணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். புக்கிட் பாரு வீட்டாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தினமும் கொட்டுங்கள். பாட்டில் தீர்ந்தால் தீரட்டும். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து, ஈரமில்லாமல் காயவிடுங்கள். கண் உறுத்தினால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள், எந்தப் படம் பாதியில் நின்றாலும் சரி.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கிண்ணம் மட்டும் அல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது வாரம். வீட்டிலும் மருந்து விடுவது சிந்தாமணிதான். அன்று காலையில் மாமியார் வந்து, வாசலில் நின்றபடியே அவளை ஏதோ குத்திப் பேசிவிட்டுப் போயிருந்தார். சிந்தாமணி கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் தலையை நாற்காலியின் முதுகில் சாய்த்து, வலது இமையை விரலால் பிரித்தாள். என் இடது கண்ணுக்கு மிக அருகில் அவள் முகம் இருந்தது. வில்லை இல்லாமலே தெரியும் தூரம். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அதை முழுசாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"கொட்டச் சொல்லி அந்தத் தாள்ல எழுதியிருந்துச்சு" என்றேன்.

அவள் விரல் இமையை விட்டு நகரவில்லை.

"எந்தத் தாள்ல?"

"பாட்டிலோட வந்த தாள்ல."

"அபாங் படிச்சீங்களா?"

"படிச்சேன். உங்கிட்ட அந்த வரியச் சொல்லல. தண்ணி சீக்கிரம் தீந்துடும்னு வேணும்னேதான் விட்டேன்."

வெளியே ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு போனான். 

"டாக்டர் கேட்டாரே. யாருன்னு கேட்டாரே. அப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"கண்ணக் கட்டியிருந்தாங்க, சிந்தாமணி. யாரு எங்க நிக்கிறாங்க, உன் மொகம் எப்படி இருக்கு, எதுவும் தெரியல. அந்த இருட்டுல எனக்கு..."

"கண்ணத்தான் கட்டியிருந்தாங்க, அபாங்" என்றாள். "வாயக் கட்டலையே."

பிறகு என்னை மேலே பார்க்கச் சொல்லி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மருந்தை விட்டாள்.